நாலுக்குக் கீழே போனால் நோயாளி இல்லை

தையல்காரரின் மூளையில் ரத்தம் கசிந்த நாளில், பாவம், அவருக்கு அதற்கெல்லாம் நேரமே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒரு கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டார். தூங்கி வழிகிறார் என்று நினைத்து அவர் மனைவி உள்ளே போய்ப் படுக்கச் சொல்லி அதட்டினாள். பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஓட்டமும் அழுகையும் ஆம்புலன்ஸும்.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் பேச்சு திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது, துணியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். கூடவே யாரும் கூப்பிடாத ஒன்றும் வந்தது. இடது கை எரிய ஆரம்பித்தது.

எரிச்சல் என்றால் நீங்களும் நானும் படுகிற எரிச்சல் இல்லை. அடுப்பில் காட்டி, ஐஸில் முக்கி, மறுபடி அடுப்பில் காட்டுகிற மாதிரி. துணி பட்டால் எரியும், மின்விசிறிக் காற்றுப் பட்டால் எரியும். யாராவது கையை அழுத்திப் பிடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மெல்லத் தொட்டால்தான் உயிர் போகும். முரட்டுத்தனமாகப் பிடிக்கலாம், அன்பாகத் தொடக் கூடாது என்கிற இந்தப் புது ஏற்பாட்டுக்குப் பழக அவர் மனைவிக்கு ரொம்ப நாள் ஆயிற்று. டீ டம்ளரைக் கொடுக்கும்போதுகூட ஸ்டூலில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள்.

தையல்காரர் தன்னுடைய சட்டைகளை எல்லாம் எடுத்து இடது கையை மட்டும் தோளோடு வெட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் கை வைத்துத் தைத்த மனிதர் ஒற்றைக் கைச் சட்டையோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். மெஷினில் துணியை ஊசிக்கு ஓட்டிக் கொடுப்பது இடது கைதான். அது போனால் தொழிலும் போன மாதிரிதான். மனைவி நேர்த் தையல் போடுவாள். காலர் வைக்கச் சொன்னால் அது ஒரு பக்கம் வானத்தைப் பார்க்கும், மறுபக்கம் பூமியைப் பார்க்கும். அவர் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. அந்தக் கையில் துணி படவேண்டும், பட்டால் துணி பட்ட மாதிரி இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

பார்க்காத டாக்டர் இல்லை. படம் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ரத்தம் வற்றிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று கை குலுக்கினார்கள், அதுவும் இடது கையை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக ஆகிவிட்டதே என்று மனைவி புலம்பினாள். கடைசியில் ஒரு டாக்டர்தான் புண்ணியம் கட்டிக்கொண்டார். இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது, மூளையில் ரத்தம் கசிந்தபின் வருகிற வலிக்கு அங்கே புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லி வழி காட்டினார்.

மைய நரம்பு வலி மருந்துச் சோதனை நிலையம் கண்ணாடியும் பளிங்குமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மாத்திரைகள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கட்டடம் முழுக்கக் குளிரூட்டியிருந்தார்கள். குளிர்காற்றுப் பட்டாலே துடிக்கிற நோயாளிகளுக்காக வேறு கட்டடம் கட்டும் யோசனை ஆலோசனைக் குழுவிடம் இருந்தது. அதுவரைக்கும் நோயாளிகளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக எல்லாரும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் காவலாளியிடமே வாடகைக் குடை கிடைத்தது.

நிலையத்தின் இயக்குநர் உயரமான, மலர்ந்த முகமுள்ள மனிதர். வலி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"இந்தக் கையில, ஐயா."

இயக்குநர் பக்கத்தில் நின்ற மாணவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். எதிர்பார்த்த தப்பைப் பையன் செய்துவிட்டால் வாத்தியாருக்கு வருகிற சந்தோஷம் அது.

"கையில வலியே கிடையாது. கை பிரமாதமா இருக்கு. வலி உங்க மூளையில இருக்கு."

"மூளை வலிக்கலையே, ஐயா."

"வலிக்காது. மூளைக்கு வலி தெரியாது."

தையல்காரர் இதை நிதானமாக யோசித்துப் பார்த்தார். வலிக்கிற இடத்தில் வலி இல்லை, வலி இருக்கிற இடத்தில் வலிக்காது. இரண்டுமே உண்மைதானாம். உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதைச் சொல்லும்போது ஒரு மனிதர் இவ்வளவு பூரிக்கவேண்டுமா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்பதை விளக்க அவரை இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அறையின் கதவில் 'அறியாமைப் பிரிவு' என்று பலகை தொங்கியது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. இரண்டும் ஒரே நிறம், ஒரே கசப்பு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு மருந்தோடு கலந்துவிடும், முடிவு கெட்டுவிடும். இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நியாயமான ஏற்பாட்டை ஓர் அலுவலகத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிரிவின் தலைவரே சாட்சி.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "சேர்ந்த நாளிலேருந்து இன்னிக்கு வரைக்கும் எதுவும் தெரியாம பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவருக்கு ஒரு தடவை ஏதோ தெரிஞ்சு போச்சு. பாவம், வேலையே போயிடுச்சு. என் உதவியாளர் கெட்டிக்காரர். இப்பவே பல விஷயம் தெரியாது. பின்னால நல்லா வருவார்."

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். மாத்திரை டப்பாக்களில் அவருடைய எண்ணை ஒட்டிக் கட்டி வைத்தார்கள். அடுத்ததாக வலியை அளக்கவேண்டும்.

வலியை அளப்பவரை நோயாளிகள் ஸ்கேல் அம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் கையில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும். ஒரு முனையில் பூஜ்யம், அங்கே ஒரு முகம் சிரிக்கும். மறுமுனையில் பத்து, அங்கே ஒரு முகம் கண்ணீர் விடும். தையல்காரர் ஆர்வமாக ஸ்கேலைப் பார்த்தார். அவர் தொழிலுக்கு அளவு புதிதில்லை. ஆனால் அவருடைய டேப்பை வாடிக்கையாளர் இடுப்பில்தான் சுற்றவேண்டும். இங்கே ஸ்கேல் அம்மா தன் கையிலேயே ஸ்கேலை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் அளவைச் சொல்லச் சொன்னார்.

அவர் பிறகு ஒரு மெல்லிய தூரிகையால் கையை வருடினார். தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. சத்தம் போடுவது அவர் சுபாவத்திலேயே இல்லை. ஸ்கேல் அம்மா அவர் முகத்தையும் ஸ்கேலில் இருந்த முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஆறு என்று முடிவு செய்தார். பத்து என்று சொல்லலாமா என்று தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒன்பதுக்கு மேல் சொல்பவர்களை மிகைப்படுத்துகிறவர்கள் என்று கணக்கில் வைப்பார்கள், நாலுக்குக் கீழே சொல்பவர்களை நோயாளி என்றே கணக்கில் வைக்கமாட்டார்கள், நடுவில் ஒரு நல்ல எண்ணாகப் பார்த்துச் சொல்லும்படி அவர் அன்பாகவே புத்தி சொன்னார்.

அங்கே மூளையில் ரத்தம் கசிந்ததில் வலது கால் எரிகிற ஒரு பஸ் கண்டக்டர் சிநேகிதமானார். இரண்டு பேரும் அடுத்தடுத்த குடைக்குள் உட்கார்ந்து வாரா வாரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கண்டக்டருக்கு மாத்திரையில் ஒரு துளிப் பலனும் இல்லை. ஒருநாள் தூரிகை காணாமல் போய்விட்டது. அது அங்கீகாரம் பெற்ற தூரிகை. வேறு எதனால் வருடினாலும் வருகிற வலி செல்லாது. புதுத் தூரிகைக்கு அனுமதி வரும்வரை நிலையத்தில் யாருக்கும் வலி இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாரம் கண்டக்டர் தரையில் கால் வைக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

அவர் சோதனையிலிருந்து விலகிவிடலாம் என்று பார்த்தார். விலகுவது நோயாளியின் உரிமை என்று சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்த மூன்று குழுக்களின் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தது. முதல் குழு இரண்டாவது குழுவுக்காகக் காத்திருந்தது. இரண்டாவது குழுவை இன்னும் அமைக்கவில்லை. வராமல் வீட்டில் இருந்துவிட்டாலோ வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"இங்கிருந்து வெளியே போக ஒரே வழிதான் இருக்கு, அண்ணே" என்றார் கண்டக்டர். "குணமாயிடணும். நான் இன்னிக்கு ஆயிடப் போறேன்."

உள்ளே போனார். புதுத் தூரிகை காலில் பட்டபோது சிரித்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு ஒன்று என்றார். இனிமேல் வரவேண்டாம் என்று பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். வாசல் வரைக்கும் நேராக நடந்து, தெருமுனை திரும்பியதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுததாகப் பின்னால் தெரிந்தது. மாவு மாத்திரை விழுங்கிய மற்றவர்களும் ஒவ்வொருவராக இதே வழியில் குணமானார்கள். போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

தையல்காரர் விஷயம் வேறு. அவருக்கு ஒரு காலையில் முகம் துடைத்த துண்டு தவறி இடது கைமேல் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எரியவில்லை. துண்டு துண்டு மாதிரியே இருந்தது, ஈரமாக, கொஞ்சம் சொரசொரப்பாக. அவர் அதை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் பயந்து பயந்து ஒரு விரலை வைத்தாள், பிறகு கையையே வைத்தாள். இத்தனை மாதத்தில் அந்தக் கையை அவள் மெல்லத் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கே அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு காலர் வைத்தார். அது எந்தப் பக்கமும் கோணாமல் நின்றது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்த வாரம் நிலையத்துக்குப் போய், ஸ்கேல் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே அவர் முகமெல்லாம் பல்லாக, "ரெண்டுதாம்மா" என்றார்.

ஸ்கேல் அம்மாவின் முகம் மாறியது. உள்ளே போனார். கூட்டம் கூடியது. தையல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

இயக்குநர் பொறுமையாகத்தான் பேசினார். "இது வலிச் சோதனை. வலி உள்ளவங்களுக்காக நடக்குது. விதி தெளிவா இருக்கு, நாலுக்குக் கீழே போனா நோயாளி இல்லை. நோயாளியா இல்லாத ஒருத்தருக்கு மருந்து கொடுத்தா அது தர்மமா, நீங்களே சொல்லுங்க. அதனால மாத்திரையை நிறுத்திடறோம்."

"ஐயா, அந்த மாத்திரையாலதானே ரெண்டு ஆச்சு."

"அது நிஜ மாத்திரையா மாவான்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பேசறீங்களே. அறியாமைப் பிரிவு காதுல விழுந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

விஷயம் இதுதான். ஆரம்பத்தில் ஆட்களைச் சேர்ப்பதற்காக எழுதிய ஒரு விதியை யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு வாரத்துக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார். படித்தவர்கள் பதினெட்டுப் பேர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டதில் தப்பு இருக்காது என்று ஒவ்வொருவரும் மற்ற பதினேழு பேரை நம்பியிருந்தார்கள்.

தையல்காரருக்கும் ஒரு பூங்கொத்து கிடைத்தது. பூ வாடுவதற்குள் கை பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது. ஓடினார். வலி எவ்வளவு என்று கேட்டார்கள். ஏழு என்றதும் எல்லார் முகத்திலும் நிம்மதி. அவர் எண்ணில் கட்டிவைத்த டப்பாக்கள் மீதி இருந்ததால் அதையே எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி போயிற்று. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, வலித்தால்தான் மாத்திரை, மாத்திரை தின்றால் வலி இல்லை, வலி இல்லாவிட்டால் மாத்திரை இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவள் அவர் மனைவி. அவர் அளக்கப் போவதற்கு முதல் நாள், கடையை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"ரெண்டு. உள்ளதைத்தானே சொல்லணும்."

"உள்ளதைச் சொல்லித்தானே போன தடவை நடுத்தெருவுல நின்னீங்க. ஏழுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உங்க கைதானே, உங்க வலிதானே? அதுல ரெண்டோ ஏழோ, அவங்களுக்கு என்ன நஷ்டம்? எனக்கு அந்தக் கை வேணும். அவ்வளவுதான்."

ஆனால் தூரிகை இருக்கிறதே. அது கையில் பட்டதும் துடிக்கவேண்டும். அவருடைய சவரத் தூரிகையை எடுத்துக்கொண்டு மனைவி ஒத்திகை பார்த்தாள். வருடினாள். தையல்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது என்ன? சத்தமே வரலை."

"நிஜமா எரிஞ்சப்போ நான் இப்படித்தான் இருந்தேன்."

"அதனாலதான் அப்போ ஆறு போட்டாங்க. கத்துங்க."

அவர் கத்திப் பார்த்தார். அது பஸ்ஸைத் தவறவிட்டவர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவைக்குள் இருவருக்கும் சிரிப்பு வந்து, அவள் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு அவர் இடது தோளிலேயே சாய்ந்து சிரித்தாள். அந்தத் தோள் வலிக்காமல் இருப்பதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் தூரிகை பட்டதும் அவர் போட்ட சத்தத்தில் ஸ்கேல் அம்மா ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டார். ஏழு. அடுத்த வாரமும் ஏழு, அதற்கடுத்த வாரமும் அதே ஏழு. ஒற்றைக் கைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு மெஷினில் உட்காருவார்.

கூடத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மிச்சம் இருந்தவர்களைத் தையல்காரர் ஒருநாள் தொழில் கண்ணால் பார்த்தார். எதிர்வரிசைப் பெண் காற்றுப் பட்டால் கன்னம் எரிகிறது என்று குடையால் முகத்தை மூடியிருந்தார், ஆனால் அதே கன்னத்தைக் குடைக்கம்பியில் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெரியவர் நொண்டிக்கொண்டு வந்த கால் போன வாரத்துக் கால் இல்லை. தையல்காரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவரையும் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஏழு என்று சொல்லிவிட்டுத் தத்தம் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சோதனை முடிந்தது. முடிவைச் சொல்ல விழா வைத்தார்கள். அறியாமைப் பிரிவின் தலைவர் முத்திரை வைத்த உறைகளோடு மேடையேறினார். உறையைப் பிரித்தால் அவருக்கும் தெரிந்துவிடும் என்பதால் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்தார். கூட்டம் கை தட்டியது. அவர் தடவித் தடவி இறங்கி வந்தார்.

முடிவைப் படிப்பதற்கு முன்னால் ஒரு பரிசு. மறுபடி சேர்ந்ததிலிருந்து ஒரு எண் ஏறாமல் இறங்காமல் வலியைக் காத்த சிறந்த நோயாளி என்று தையல்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு, நிலையத்தின் முத்திரை போட்ட ஒரு முழுக்கைக் கோட்டு. அதை இயக்குநரே தன் கையால் போட்டுவிட்டார். இடது கையை நுழைத்தபோது தையல்காரர் கூரை அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே, கோட்டின் உள்பட்டியை ஒழுங்காக மடித்துத் தைக்கவில்லை என்பதையும் கவனித்தார். இந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் தன் உழைப்பு வீண் போகவில்லை என்று தோன்றுவதாக இயக்குநர் கண்கலங்கச் சொன்னார்.

பிறகு முடிவைப் படித்தார். அவரவர் கடைசியாகச் சொன்ன எண்தான் கணக்கு. ஒரு மாத்திரையைத் தின்றவர்கள் எல்லாருமே ஒன்று, இரண்டு என்று சொல்லிக் குணமாகிப் போயிருந்தார்கள். மற்ற மாத்திரையைத் தின்றவர்களில் ஒருவருக்குக்கூட வலி ஏழிலிருந்து இறங்கவில்லை. குணப்படுத்திய மாத்திரை மாவு. குணப்படுத்தாத மாத்திரை மருந்து.

"விஞ்ஞானத்துல அபிமானத்துக்கு இடமில்லை" என்றார் இயக்குநர். "மருந்துதான் ஜெயிக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான். ஆனா உண்மை மாவு பக்கம் இருக்கு. மருந்தை இன்னியோட நிறுத்தறோம். மிச்சம் இருக்கிறதைப் பரிசு கொடுத்துக்கிட்டிருந்தப்பவே எரிச்சாச்சு. மாவை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் போறோம்."

தையல்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். குடைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கன்னத்துக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெரியவர் இரண்டு காலிலும் நேராக எழுந்து நின்றுவிட்டார். தான் ஒருவன் சொல்கிற ஒரு பொய் யாரை என்ன செய்துவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

விழா முடிந்ததும் தையல்காரரும் மனைவியும் இயக்குநர் அறைக்கு ஓடினார்கள்.

"ஐயா, நான் பொய் சொன்னேன். எனக்கு ஏழு இல்லை. மாத்திரை தின்னுட்டு இருக்கிற வரைக்கும் வலியே இல்லை. நல்ல மருந்து, ஐயா. நிறுத்திடாதீங்க." அவர் கோட்டுக் கையை மெல்ல வருடிக் காட்டினார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். அங்கே மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான், வேண்டுமானால் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். "வலின்னா என்ன? நோயாளி எது சொல்றாரோ அதுதான் வலி. இந்த நிலையமே அந்த ஒரு வாக்கியத்து மேலதான் நிக்குது. நோயாளி சொல்றதைச் சந்தேகப்படற அளவுக்கு நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்லை. நீங்க ஏழுன்னு சொன்னீங்க. நாங்க நம்பினோம்."

"இப்ப ரெண்டுன்னு சொல்றேனே, ஐயா. இதையும் நம்புங்க."

"இப்ப சோதனை முடிஞ்சு போச்சே."

அவர் அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு நல்ல மனசு. சிறந்த நோயாளி என்பதற்காக, ஜெயித்த மாத்திரையை ஆயுள் முழுக்க இலவசமாகத் தருவதாகச் சொல்லி ஒரு பெரிய டப்பாவை எடுத்து நீட்டினார். தையல்காரர் மனைவி அதை வாங்கவில்லை.

"எங்க வீட்டுலயே மாவு இருக்குங்க" என்றாள்.

கையில் இருந்த மாத்திரை ஒரு வாரத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் மெஷினைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, வந்த துணியை எல்லாம் தைத்துத் தள்ளினார். வேலை இல்லாத நேரத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது, தான் சொல்லிக் கொடுத்த ஏழு அது என்று. அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அதுவேறு அவளுக்குத் தாங்கவில்லை. மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் அவள் கை பட்டதும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

சில மாதம் கழித்து நிலையத்திலிருந்து வண்டி வந்தது. புதுச் சோதனை. பலனில்லாத ஒரு மாத்திரையை நிறுத்தியபின் பலருக்கு ஏன் திடீரென்று வலி வருகிறது என்று ஆராயப் போகிறார்களாம். இயக்குநருக்கே அது பெரிய புதிராக இருந்ததாம். கூடத்தில் குடைகள் மறுபடி நிறைந்திருந்தன. இந்தத் தடவை எல்லாருடைய குடையும் நிஜமாகவே நடுங்கியது.

ஸ்கேல் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். முன்பு மாதிரியே அன்பாகத்தான் கேட்டார். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும், இப்போது எவ்வளவு?

தையல்காரர் ஸ்கேலைப் பார்த்தார், அதில் வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்தார். எரிகிற கையைத் துணி படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு சொன்னா அந்த மாத்திரை கிடைக்கும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. அதையே சொல்லிடறேன்."

ஸ்கேல் அம்மா ஸ்கேலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, பதில் தெளிவாக இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.